நீராவிக் குழாய்

ஜூலை 8, திங்கள்

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிவிட்டது. இந்த முறை ஒரு முடிவோடு வந்திருக்கிறேன். வகுப்பில் நடத்துவதை அன்றன்றைக்கே தமிழில் எழுதிப் பார்ப்பது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன் நான். கெமிக்கல் இன்ஜினியரிங்கை ஆங்கிலத்தில் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். கேள்வித்தாளைப் பிரித்ததும் ஒன்றும் இருக்காது. அப்படித்தான் அரியர் விழுந்தது.

ஹீட் ட்ரான்ஸ்ஃபர் எடுப்பவர் சபுரா மேடம். புதிதாக வந்திருக்கிறார். சின்ன உருவம், கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல். "வெப்பம் எங்கேயிருந்து எங்க போகும்?" என்றார். சூட்டிலிருந்து குளிருக்கு என்று எல்லோரும் கத்தினோம். "அது எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும். எவ்வளவு வேகமாப் போகும்? அதத்தான் இந்த செமஸ்டர் முழுக்கப் பாக்கப்போறோம்" என்றார். பிடித்திருந்தது.

விடுதியில் இந்த வருடமும் ஜெனிஷ்தான் என் அறைத்தோழன். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டை வார்டன் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள். மூடினால் கருவாடு. திறந்தே வைத்திருக்கிறோம்.

ஜூலை 15, திங்கள்

காலையில் வாசலிலேயே மாட்டினேன். சவரம் செய்யாதது குற்றம்.

வாசலில் நின்றவர் தளவாய் சார். பெயருக்கு உடற்கல்வி இயக்குநர். மைதானத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்லூரியில் ஒழுங்குக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் அவர். தாடி, தலைமுடி, டை, செல்போன், பெண்களோடு பேச்சு, எல்லாம் அவர் கையில். தாளாளருக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம்.

"ஏல, சாமியாராப் போப்போறியா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் கன்னத்தில் ஒன்று. திரும்பியதும் முதுகில் பிரம்பு. பிரம்பு முறிந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். முறிந்த துண்டால் அவனுக்கும் விழுந்தது.

வலி ஒன்றும் பெரிதில்லை. அப்பாவின் பெல்ட்டுக்குப் பழகிய முதுகு. ஜெனிஷ் எண்ணெய் தடவ வந்தான். வேண்டாம் என்றுவிட்டேன்.

பாடம்: உலைச் சுவர். உள்ளே தீச்செங்கல், நடுவில் காப்புச் செங்கல், வெளியே சாதாரணச் செங்கல். ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்துக்கு ஒரு தடை. எந்த அடுக்கில் வெப்பநிலை அதிகமாக இறங்குகிறதோ, அதுதான் அதிகம் தடுக்கிறது. கணக்கு சரியாக வந்தது.

ஜூலை 24, புதன்

லேபில் ஒரு கூத்து. பாய்லரிலிருந்து கண்டன்சர் யூனிட்டுக்கு நீராவி கொண்டுபோகும் ரப்பர் குழாயைக் காணோம். லேப் உதவியாளர் தலையைச் சொறிந்தார். "தளவாய் சார் கேட்டாரு மேடம். குடுத்துட்டேன்."

"ஸ்டீம் ஹோஸ வச்சு அவருக்கு என்ன வேலை?" என்றார் சபுரா மேடம்.

மேடம் எங்கள் முகங்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். புதுக் குழாய் வரும்வரை அந்த யூனிட்டை யாரும் தொடக் கூடாது என்று சாக்பீஸால் அதன்மேலேயே எழுதினார். நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

பாடம்: மெல்லிய குழாய்க்குக் காப்பு சுற்றினால் வெப்ப இழப்பு குறையும் என்று நினைப்போம். ஓர் எல்லைவரை அது கூடத்தான் செய்கிறது. ஜெனிஷ் மூன்று தடவை விளக்கிய பிறகே எனக்கு ஏறியது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தளவாய் சார் கையில் கறுப்புக் குழாய். உள்ளே துணி மடிப்பு வைத்த கெட்டி ரப்பர். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. முறியாது.

ஆகஸ்ட் 14, புதன்

படிக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் நூலக வாசலில் ஜெனிஷ் தன் லேப் ரெக்கார்டைப் பொற்செல்விக்குக் கொடுத்தான். எங்கள் வகுப்புப் பெண். காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. எழுதி முடிக்கக் கேட்டிருந்தாள். கொடுக்கும்போது ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். ஒழுங்குக் குழு ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

ஒழுங்கு அறைக்கு ஜெனிஷைக் கூப்பிட்டார்கள். அறைத்தோழன் என்று என்னையும். சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

"என்னல குடுத்த அவகிட்ட?"

"ரெக்கார்ட் சார்."

"ரெக்கார்டுக்குள்ள என்னல வச்சிருந்த?"

"ஒண்ணுமில்ல சார். நாலாவது எக்ஸ்பெரிமெண்ட்."

அந்தப் பதில் அவருக்குக் கிண்டலாகப் பட்டிருக்க வேண்டும். குழாயால் தொடையில், முழங்காலுக்குப் பின்னால், விழுந்தவனின் முதுகில் என்று அடித்தார். ஜெனிஷ் எழுந்து நின்றான். அதுதான் தப்பாகிவிட்டது. கீழேயே கிடந்திருக்கலாம். "முறைக்கியோ?" என்று குழாயை மேசைமேல் வைத்தார், நிதானமாக. வாட்சைக் கழற்றினார். விரித்த கையால் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஜெனிஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாதவன்போல. காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி சட்டைக் காலருக்குள் போனது.

நான் ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். காதில் பஞ்சோடு ஜெனிஷ் என் பக்கத்தில் நின்றான். தளவாய் சார் அட்டென்ஷன் சொன்னார். அவன் மட்டும் தாமதமாகக் காலைச் சேர்த்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். தானாக மூடலாம், மூடாமலும் போகலாம். வார்டன் கூடவே வந்திருந்தார். கால்பந்து பட்டது என்று எழுத வைத்தார். ஜெனிஷ் தலையாட்டினான்.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏம்ல ஒத்துக்கிட்ட?"

"அப்பா கடலுக்குப் போயிருக்கு. அம்ம ஒத்தைக்குக் கெடந்து அழும் மக்கா. ரெண்டு வருசம் கழிஞ்சா போயிரலாம். ஒரு செவி போதும்."

அவன் அம்மா போனில் என்னிடம்தான் கேட்டார்கள். "மக்களே, பந்துதானா பட்டுது? சத்தியமாச் சொல்லு." பந்துதான் அம்மா என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இப்போதெல்லாம் அவனுக்கு வலப்பக்கம்தான் நடக்கிறேன். மெஸ்ஸில் இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் பிடித்துவிட்டது என்கிறார்கள். பொற்செல்வி எங்களைக் கண்டால் வேறு வழியில் போகிறாள். ரெக்கார்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இன்டர்னல் தேர்வில் ஜெனிஷ்தான் முதல். நான் தேறிவிட்டேன்.

பாடம்: "கொதிக்கிற தண்ணியும் நூறு டிகிரி, நீராவியும் நூறு டிகிரி. எது அதிகம் சுடும்?" என்று மேடம் கேட்டார். பொற்செல்வி எழுந்தாள். நீராவி. தோலில் பட்டதும் தண்ணீராக மாறும். மாறும்போது தனக்குள் வைத்திருக்கும் அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடும். அதற்குப் பிறகுதான் அது வெந்நீர்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். தளவாய் சாருக்குத் தாளாளர் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினோம்.

செப்டம்பர் 11, புதன்

நகங்களுக்குள் ஜெனிஷின் தோல் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் லேப். சபுரா மேடத்தை வேறு வகுப்புத் தேர்வுக்கு மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். அவருக்குப் பதிலாக எச்.ஓ.டி. வந்தார். இன்ஸ்பெக்ஷன் வருகிறது, எல்லா எக்ஸ்பெரிமெண்டும் முடிந்திருக்க வேண்டும் என்றார். கண்டன்சர் யூனிட்டில் மேடம் எழுதியிருந்ததை யாரோ துடைத்திருந்தார்கள். காணாமல்போன குழாய் இருந்த இடத்தில் பச்சை நிறக் குழாய். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கியிருந்தார்கள்.

"சார், இது ஸ்டீம் தாங்காது" என்றான் ஜெனிஷ்.

"அஞ்சு நிமிஷம் தாங்குனா போதும். ரீடிங் எடு" என்றார் எச்.ஓ.டி.

வால்வைத் திறக்கும் வேலை பொற்செல்விக்கு. வெப்பமானியைப் பார்க்கும் வேலை ஜெனிஷுக்கு. எனக்குக் கடிகாரம். அவன் குழாய்க்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் பச்சைக் குழாய் நடுவில் உப்ப ஆரம்பித்தது. பொற்செல்விதான் முதலில் பார்த்தாள். "ஜெனிஷ், தள்ளு! தள்ளு!" என்று கத்திக்கொண்டே வால்வை மூடத் திருகினாள். அந்தக் கத்தலுக்கு நான் திரும்பினேன். எச்.ஓ.டி. வாசலுக்கு ஓடினார். எல்லோரும் விலகினார்கள். அவன் மட்டும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றது அவனுடைய இடப்பக்கம். பாய்லர் இரைச்சல் வேறு.

குழாய் கிழிந்தது. ஒரு நிமிடம் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. அது ஆள் கத்துகிற மாதிரி இல்லை.

இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். மேலே டை. அது இல்லாமல் வகுப்புக்குள் விட மாட்டார்கள். சட்டைக்குள் போன நீராவி வெளியே வர வழியில்லை. டையை அறுத்தேன். சட்டையைக் கழற்றக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் இழுத்தேனா, கை தன்னால் இழுத்ததா, தெரியவில்லை. சட்டையோடு தோளும் கழுத்தும் உரிந்து வந்தன.

சபுரா மேடம் தேர்வறையிலிருந்து ஓடி வந்தார். கல்லூரி வேனில் ஏற்றினோம். வாசலில் தளவாய் சார் வேனை நிறுத்தினார்.

"கேட் பாஸ் எங்க?"

"வெந்து கெடக்கான் சார், பாருங்க" என்றார் மேடம்.

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இவனா? இவன் நல்லா நடிப்பான் மேடம். பிரின்சிபால் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்று செல்போனை எடுத்தார். ஜெனிஷ் என் மடியில் கத்திக்கொண்டிருந்தான். தளவாய் சார் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சார், இங்க ஒரே சத்தமா இருக்கு, சரியாக் கேக்கல" என்று போனில் பேசினார்.

மேடம் இறங்கிப் போய் கேட்டைத் தானே திறந்தார். தளவாய் சார் அவர் கையைப் பிடித்தார். மேடம் அவர் முகத்தில் துப்பினார். வேன் வெளியே வந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பிழைப்பானா என்று கேட்டேன். நாளை சொல்கிறோம் என்றார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. லேப் விபத்தில் மாணவன் காயம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாணவனின் கவனக்குறைவாம். அதைக் கிழித்தது யார் என்று தெரியாது. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அலுவலகக் கண்ணாடி, பஸ்களின் கண்ணாடி, தாளாளரின் பெரிய படம். ஒழுங்கு அறைக் கதவை பெஞ்சால் இடித்துத் திறந்தார்கள். முதலாம் ஆண்டுப் பையன்கள்கூட இடித்தார்கள். உள்ளே பறிமுதல் செய்த செல்போன்கள் மூட்டையாக இருந்தன. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி ஏறிவிட்டது.

தளவாய் சார் பின்வாசல் வழியாக ஓடி, எங்கள் லேபுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. யாரோ ஒருவன் மட்டும் பின்னாலேயே போயிருக்கிறான். அவன் யார் என்று தெரியாது.

அவருடைய கண்ணாடி பாய்லருக்கு அடியில் உருண்டு போய்விட்டது. ஒரு செருப்பு கழன்றிருந்தது. கறுப்புக் குழாய் அவர் கையில்தான் இருந்தது, பிறகு இல்லை. வலது கையை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டே இருந்தார். அதனால் அந்தக் கையில்தான் அதிகம் விழுந்தது. கெட்டி ரப்பர் எலும்பில் விழும்போது சத்தம் பெரிதாக இருக்காது. "போதும்யா, போதும்யா" என்றார். யா போட்டுப் பேசினார்.

போலீஸ் வந்து லத்தியைச் சுழற்றியது. கல்லூரியைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். கருவாட்டுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஊருக்கு வந்துவிட்டேன். வலது கை வீங்கியிருக்கிறது. பஸ் கதவில் நசுங்கிவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

அப்பா லாரி ஓட்டம் முடிந்து இன்றுதான் வந்தார். செய்தி தெரிந்திருக்கிறது. சாப்பிடும்போது என் கையைப் பார்த்தார்.

"என்னல கையி?"

"பஸ் கதவுப்பா."

"கதவுல நசுங்குனா வெரல் நசுங்கும். முட்டி கிழியாது." சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். "யாரப் போட்ட? அந்த பி.டி. மாஸ்டரையா?"

அப்பா தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். இருபது வயதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. "எம்புள்ளல்லா" என்றார், அம்மாவைப் பார்த்து.

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். அவள் புருவத்துக்கு மேலே அந்தப் பழைய தழும்பு இருக்கிறது. "நீயுமால?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கறியைச் சாப்பிட்டேன். தட்டை நானே கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பாடம்: கதிர்வீச்சு. வெற்றிடத்தின் வழியாகவும் வெப்பம் போகும்.

வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஜெனிஷைப் பார்க்க விட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று. பிழைத்துவிட்டான். தொடையிலிருந்து தோலை எடுத்துக் கழுத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டு மாற்றும்போது அவன் கத்துவது வராந்தா முழுக்கக் கேட்கிறது.

அவன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பொற்செல்வி, ஒரு டம்ளர் கஞ்சியோடு. "தினம் வருது இந்தப் பிள்ள. நான்தான் தொறந்தேன், நான்தான் தொறந்தேன்னு கரையுது. நீ சொல்லு மக்களே, இதுக்க தப்பா?"

இல்லை அம்மா என்றேன். பிறகு சொன்னேன், "காதுல பந்து படல."

அவன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்" என்றார்கள். "அவன் பந்தே வெளயாட மாட்டான்."

அக்டோபர் 9, புதன்

நாளை சப் கலெக்டர் விசாரணை. சாட்சியாக வரச் சொல்லி ஆள் வந்தது. கல்லூரித் தரப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டதாம்: விபத்துக்குக் காரணம் வால்வைத் தவறாகத் திறந்த மாணவி, அடிதடி எதுவும் கல்லூரியில் நடந்ததே இல்லை, காது கால்பந்தால். தளவாய் சாரைத் தாக்கியது வெளியாட்கள். சபுரா மேடத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மேடம் போனில் சொன்னார்: "குழாய் எங்க போச்சுன்னு நான் சொல்லிட்டேன். எதுக்குப் போச்சுன்னு பாத்தவங்கதான் சொல்லணும், பரமகுரு. அறைக்குள்ள நான் இல்லையே."

கண்டன்சேஷன் கணக்கு ஒன்று போட்டேன். விடை வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வராந்தாவில் பெஞ்ச். எதிர் பெஞ்சில் தளவாய் சார். வலது கை தோளிலிருந்து மாவுக்கட்டில் தொங்கியது. பக்கத்தில் அவர் மகள், பள்ளிச் சீருடையில். பாட்டிலைத் திறந்து அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் தாடையில் வழிந்தது. தன் துப்பட்டா முனையால் துடைத்தாள். மாத்திரை வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினார்.

"பரமகுரு." என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஒன்ன எனக்குத் தெரியும்லா. கண்ணாடி இல்லன்னாலும் மூஞ்சி தெரியும். நான் யாரு பேரையும் சொல்லல. கூட்டத்துல எவன்னு பாக்கலன்னுட்டேன்."

"ஏன் சார்?"

"சொன்னா, எதுக்கு அடிச்சான்னு அடுத்த கேள்வி வரும்." குரலைத் தாழ்த்தினார். "காதுல பந்து பட்டுச்சு. அத அப்படியே விட்டுரு. அந்தப் பையனுக்குக் காலேஜுல ஆஸ்பத்திரிச் செலவு பாக்காங்க. ஒனக்குப் படிப்பு இருக்கு. எனக்குப் பொட்டப்புள்ள இருக்கு. இந்தக் கையி இனி மடங்காதுன்னுட்டான். நமக்குள்ள சரியாப்போச்சு."

"பொற்செல்வி, சார்?"

"அவ யாரு?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே சப் கலெக்டர் ஒரு பெண். வயது குறைவு. பக்கத்தில் டைப் அடிப்பவர்.

"ஜெனிஷுக்கு முன்னாடியே காதுல அடி பட்டிருக்கு. கால்பந்துன்னு எழுதியிருக்காங்க."

"இல்ல மேடம். தளவாய் சார் அறைஞ்சது. நான் அதே ரூம்ல நின்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்ட், குழாய், அது எங்கிருந்து வந்தது, காது, பொற்செல்வி கத்தியது, கத்தியும் அவனுக்குக் கேட்காதது. தடுமாறவில்லை. இந்த நோட்டில் எழுதி எழுதி வரிசை மனப்பாடமாகியிருந்தது.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"இப்ப இல்லையா?"

"இருக்கு."

அவர் ஒரு தாளைப் புரட்டினார். "பன்னிரண்டாம் தேதி தளவாயைத் தாக்கினவங்களப் பாத்தியா? வெளியாளுங்களா?"

நான் பேசாமல் நின்றால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பேனாவை எடுத்துவிட்டார்கூட.

"வெளியாள் இல்ல மேடம். நான்தான்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

டைப் சத்தம் நின்றது.

வெளியே போலீஸ்காரரோடு வந்தபோது தளவாய் சார் பெஞ்சிலிருந்து எழுந்தார். "முட்டாப்பயலே" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அவர் மகள் மாத்திரைக் கவரோடு படியேறி வந்துகொண்டிருந்தாள்.

நவம்பர் 1, வெள்ளி

ஜாமீனில் வந்தேன். உள்ளே எழுத முடியவில்லை. பத்தாம் தேதி நடந்ததையும் இன்றுதான் எழுதினேன். உள்ளே நடந்ததை எழுதவும் விருப்பமில்லை.

மேடம்தான் சிறை வாசலில் நின்றார். அவர் சொன்னவை: தளவாய் சாரையும் எச்.ஓ.டி.யையும் கைது செய்துவிட்டார்கள். பிரின்சிபால் நீண்ட விடுப்பில். பொற்செல்வி மேல் தப்பில்லை என்று அறிக்கை வந்துவிட்டது. என்னைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு முடிந்தால் வேறு கல்லூரியில் சேர முடியுமா என்று விசாரிக்கிறார். மேடத்துக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அப்பா முகம் கொடுக்கவில்லை. ஒத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. "அடிச்சவன் ஆம்பள. போய்ச் சொன்னவன் எவம்ல?" என்றார். அம்மா சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 3, ஞாயிறு

ஜெனிஷை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழுத்தை முழுவதும் திருப்ப முடியாது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டை வைத்திருக்கிறார்கள். அவன் அம்மா டீ வாங்கப் போனார்கள். நான் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

தேர்வு எழுத அனுமதி கேட்டிருக்கிறானாம். வலது கைக்கு ஒன்றுமில்லை, எழுதலாம் என்றான். என்னைப் பற்றிக் கேட்டான். சொன்னேன்.

"மேடம் எல்லாம் சொன்னாவ. எனக்காண்டி சொன்னியே மக்கா, அது போதும்" என்றான். மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டான், "அவர எத்தன அடி அடிச்ச?"

"எண்ணல."

"கை ஒடிஞ்ச பெறவும் அடிச்சியா?"

"ஆமா."

"போதும்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"எனக்காண்டியா அடிச்ச?"

இத்தனை வாரமாக எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வக்கீல்கூட. நண்பனுக்காக உணர்ச்சிவசப்பட்டு, என்று எழுதியிருக்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மொத அடி ஒனக்காகத்தான்" என்றேன்.

"மிச்சம்?"

அவன் அவசரப்படவில்லை. திரும்பாத கழுத்தை வைத்துக்கொண்டு, தலையணையில் மெல்ல நகர்ந்து, கேட்கிற காதை என் பக்கம் கொண்டுவந்து, காத்திருந்தான்.